அணைந்த எரிமலையும் அம்மாவின் முழங்காலும்

1

“கல்லைப் படிக்கவோ பிள்ளை கனடாவுக்கு வந்தனீங்கள்? ஊரில கல்லுக்குப் பஞ்சமோ?”

பத்து வருடங்களுக்கு முன்பு, யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அன்ரி என்னைக் கேட்டது இது. கணக்கியல் படிப்பை ஒரே வருடத்தில் விட்டுவிட்டு நிலவியலுக்கு மாறியிருந்தேன். செய்தி எனக்கு முன்பே மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு முகம் எரிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. பத்து வயதில் கடலுக்குப் போனவர். ஆகவே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை ஊரில் இருந்து வாசிக்கும் உங்களிடம் மறைத்து என்ன பயன்?

அன்ரிக்கு அன்று பதில் சொன்னவர் அம்மா.

“அவள் எதையெண்டாலும் படிச்சு முடிக்கட்டும் அக்கா. முடிச்சால் எனக்கு ஒரு வேலை இருக்கு.”

என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணம் பேசுகிற வேலையாக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

2

இந்த வீட்டுக்கு வருகிற கடிதங்களைப் பதினொரு வயதிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். வாடகைக் கடிதம், வரிக் கடிதம், மின்சாரக் கடிதம், தம்பியின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முறைப்பாடுகள். அம்மா உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். நான் பெரும்பாலும் எரிச்சலோடுதான் பிரிப்பேன்.

மூன்று கிழமைக்கு முன்பு வந்த கடிதத்தை மட்டும் சந்தோசமாகப் பிரித்தேன். மருத்துவமனையிலிருந்து வந்திருந்தது. அம்மாவின் வலது முழங்கால் மூட்டை மாற்றுவதற்குத் தேதி கிடைத்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த தேதி. ஸ்காபரோவில் பற்றிஸும் ரோல்ஸும் செய்கிற தொழிற்சாலையில், சீமெந்துத் தரையில் பதினைந்து வருடம் நின்ற கால் அது. இப்போது பஸ் படியில் ஏறுவதற்கே அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே இழுக்க வேண்டியிருக்கிறது.

“தேதி வந்திட்டுது அம்மா. இன்னும் ஒன்பது கிழமை.”

“இப்ப வேண்டாமெண்டு சொல்லு.”

“என்ன?”

“இந்த வருசம் வேண்டாம் பிள்ளை. எனக்குக் கால் வேணும்.”

“காலுக்குத்தானே அம்மா செய்யினம்!”

தம்பிக்குப் பத்தொன்பது வயது. ரொறொன்ரோவில் பிறந்தவன். அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினான். “அம்மா, ஆர் யூ சீரியஸ்? யூ கான்ட் ஈவன் வோக்!”

“தமிழில ஏசடா. அப்பத்தான் எனக்கு உறைக்கும்.”

அவன் தமிழில் ஏச வார்த்தை தேடிக் கிடைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டான். கடிதத்தின் கடைசி வரியை நான் மறுபடி வாசித்தேன். இருபது நாளுக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் பெயர் மீண்டும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அதையும் அம்மாவுக்குச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை என் முதுகலை ஆய்வின் இறுதி உரைக்குப் பயிற்சி செய்தேன். வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படித்ததால் நான்கு வருடம் இழுத்த படிப்பு. படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு, சோபாவில் இருந்த அம்மாவைப் பேராசிரியராக நினைத்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போனேன். அம்மா முழங்காலில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

ஏழாவது படம் வந்தபோது கையை நீட்டினார்.

“நிப்பாட்டு. உது எங்கட மலையெல்லோ.”

எங்கள் மலைதான். ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட, சிங்கன் என்ற நகரத்துக்கு மேலே நிற்கும் மலை. ஹோஹென்ட்வீல் என்று பெயர். கனடாவுக்கு வருவதற்கு முன்பு, என் நான்கு வயதிலிருந்து ஒன்பது வயது வரைக்கும் அதன் கீழே ஓர் அகதி விடுதியில் இருந்தோம். அதை ஹைம் என்பார்கள். ஒரு அறை, மாடிக்கு ஒரு குசினி, காற்று மாறி வீசினால் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து சூப் மணம். எங்கள் அறைக்கு ஒரே ஒரு யன்னல். யன்னல் முழுக்க அந்த மலை. ஆய்வுக்கு அது கட்டாயம் தேவையான படம் இல்லை. எனக்குத் தெரிந்த மலை என்பதற்காக உதாரணங்களுக்கு நடுவில் செருகியிருந்தேன்.

“உதைப் பற்றி என்ன சொல்லப்போறாய்?” அம்மா கேட்டார்.

தமிழில் சொன்னேன். அது ஓர் அணைந்த எரிமலையின் தொண்டை. பல லட்சம் வருடங்களுக்கு முன்பு, கீழேயிருந்து ஏறிவந்த நெருப்புக் குழம்பு வெளியே வராமல் உள்ளேயே இறுகிவிட்டது. பிறகு பனியாறு வந்து, சுற்றியிருந்த மெத்தென்ற மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போனது. இறுகினது மட்டும் மிஞ்சி மலையாக நிற்கிறது.

“அப்ப அது வெளியில வராத நெருப்போ?”

“ஓம்.”

“பாவம்,” என்றார் அம்மா. பிறகு கேட்டார்: “இதோட உன்ர படிப்பு முடியுதோ?”

“முடியுது.”

“முந்தியும் முடிஞ்சுது எண்டுதான் சொன்னனீ. பிறகு இன்னொண்டு தொடங்கினனீ. இனி இல்லையே?”

“இல்லை அம்மா. முடிஞ்சுது.”

“அப்ப நான் ஏறோணும். நேர்த்தி வைச்சிருக்கிறன். நீ படிச்சு முடிச்சால் வெறுங்காலோட ஏறி வாறன் எண்டு சொன்னனான். அதுக்குத்தான் கால் வேணும்.”

பட்டாணிப் பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தார்.

4

எனக்குக் கோபம் வந்தது. பல மாதிரியான கோபம். வேலை முடிந்து வந்து, இரண்டு பஸ் மாறி வகுப்புக்குப் போய், உறைபனிக்குள் கல் பொறுக்கி, நான் என் மண்டையால் படித்த படிப்பு. அதில் ஒரு மலைக்குப் பங்கு இருக்கிறதாம். அந்தப் பங்குக்காக இந்தத் தேதியை விட்டுவிட வேண்டுமாம்.

“காலை மாத்திப்போட்டு ஏறுங்கோவன். அடுத்த வருசம் ஓடியே ஏறலாம்.”

“அது டொக்டர்ட கால். நான் என்ர காலாலை ஏறுறன் எண்டுதான் சொன்னனான்.”

“அங்க முருகன் இல்லை அம்மா. உச்சியில இருக்கிறது இடிஞ்ச கோட்டை.”

“நான் என்ன மொக்கியே? கோயில் இல்லையெண்டு எனக்கும் தெரியும். நான் மலையிட்டத்தான் சொன்னனான். காலமை எழும்பினால் அது நிண்டது. அஞ்சு வருசமாய் வேற ஆர் எங்களை ஒவ்வொரு நாளும் பார்த்தது?”

நான் பழைய கோபத்தை எடுத்தேன்.

“அவ்வளவு பக்தியெண்டால் என்னை ஏன் அண்டைக்கு விடேல்லை?”

அம்மாவின் முகம் மாறியது. எந்த நாளைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அங்கே பள்ளிக்கூடத்தில் நடைநாள் என்று ஒன்று உண்டு. வகுப்பு முழுவதும் ரீச்சரோடு வரிசையாக நடந்து காடோ மலையோ ஏறி, கட்டிக்கொண்டு போன பாணைச் சாப்பிட்டுத் திரும்பி வரும். அந்த வருடம் எங்கள் மலைக்கு. பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு படிவம் தந்துவிட்டார்கள். அம்மா கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. யன்னலில் நின்று பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னத் தொப்பிகள் மலைப்பாதையில் ஊர்ந்துபோயின. அவை கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் அழுதேன்.

அடுத்த நாள் ரீச்சர், வழியில் கிடந்ததென்று ஒரு கல்லைக் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கை அளவு, தட்டையாக, சாம்பல் நிறம். குறுக்கே நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு. எல்லோரும் போனார்கள், எனக்குக் கல்லா என்று வீட்டுக்கு வந்து குப்பைத்தொட்டியில் எறிந்தேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் கத்திச் சொன்னேன். அம்மா சோபாவின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். நொண்டி நொண்டிச் சாமித்தட்டுக்குப் போனார். படங்களுக்குக் கீழே, சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு கல் எப்போதும் இருக்கும். ஊரில் ஏதோ கோயிலிலிருந்து வந்தது என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். கல்லைப் படித்த நான் அதை ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அம்மா சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் வைத்தார்.

சந்தனத்துக்குக் கீழே அந்த மஞ்சள் கோடு இருந்தது.

“குப்பைக்குள்ளயிருந்து எடுத்தனான்,” என்றார்.

இந்த வகைக் கல்லைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அது புத்தகத்தில் இருப்பதுதான். ஆனாலும் தேத்தண்ணிக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். ஒலித்தது. அறையிலிருந்து தம்பி, “வட் வாஸ் தட்?” என்று கேட்டான்.

5

அப்பா நீண்டதூர ட்ரக் ஓடுகிறவர். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். என்னை மலைக்கு விடாத காரணம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். அங்கே அகதிகள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதென்றால் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும். மலை எல்லைக்கு வெளியே இருந்தது என்றுதான் எங்கள் வீட்டில் எப்போதும் பேச்சு.

இந்த முறை எனக்கு அது சரியாகப் படவில்லை. மாவட்ட வரைபடத்தைக் கணினியில் எடுத்துப் பார்த்தேன். எல்லை மலைக்கு எவ்வளவோ அங்கால் இருந்தது.

நம்முடைய ஆட்கள் ஒரு கடதாசியையும் எறியமாட்டார்கள். அப்பா கட்டிலுக்குக் கீழேயிருந்த பெட்டியை இழுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து அந்தப் பழைய வரைபடப் பிரதியை எடுத்தார். ஒரு கை அகலம்தான் இருக்கும். வந்த முதல் கிழமை அலுவலகத்தில் ஒருவர், இதற்குள் இருக்கவேண்டும் என்று எங்கள் மாவட்டத்தைக் குத்துமதிப்பாகச் சுற்றித் தடித்த சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்தோம். வட்டத்தின் கோடு சரியாக மலையின் மேல் ஓடியது. அந்த மலை முழுவதும் ஒரு பேனைக் கோட்டின் அகலத்துக்குள் மறைந்திருந்தது.

“வெளியில இல்லை அப்பா. கோட்டுக்குக் கீழ இருந்திருக்கு.”

“கோட்டில முட்டினாலே பிழையெண்டு நினைச்சம்.”

“ஆரிட்டயாவது கேட்டிருக்கலாமே?”

“கேட்டால், உவன் ஏன் உங்கால போகப் பாக்கிறான் எண்டு எழுதி வைப்பாங்கள். அகதிக் கேஸ் முடியாத நேரம்.” அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “அந்தப் பேனை கொஞ்சம் தடிச்ச பேனை, பிள்ளை.”

பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாட்டச் சொல்லாதை,” என்றார்.

“எனக்குக் கேட்டிட்டுது,” என்று அம்மா குசினியிலிருந்து சொன்னார்.

வந்து எங்களுக்கு எதிரே கதிரையில் இருந்தார். கோட்டை விரலால் தடவினார். அழப்போகிறார் என்று பயந்தேன். அம்மா சிரித்தார்.

“அஞ்சு வருசம். அரை மணித்தியால நடை.” சிரிப்பு நின்றது. “பேனையில பிழை இல்லை. அந்தப் பள்ளிக்கூடக் கடுதாசி வந்ததே, அதில என்ன இருந்தது எண்டு எனக்குத் தெரியேல்லை பிள்ளை. உன்ர அப்பாவும் வேலைக்குப் போயிட்டார். மலைப் படம் போட்டிருந்தது, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. பிள்ளையை எல்லை கடத்தினதுக்கு நான் கையெழுத்து வைச்சதாய் வந்திடுமோ எண்டு பயம். மேல்மாடியில ஒரு தமிழ்ப் பெடிச்சி இருந்தவள், நல்லா டொச் பாசை வாசிப்பாள். அவளிட்டக் கொண்டு போகலாம். போனால் எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு சொல்லோணும். வெக்கம். கடுதாசியை மடிச்சு வைச்சிட்டன்.”

அப்பா வரைபடத்தை மெல்ல மடிக்கத் தொடங்கினார்.

“நீ யன்னலில நிண்டு அழுதாய். நான் உனக்குப் பின்னால நிண்டனான். அண்டைக்குத்தான் நேர்த்தி வைச்சனான். டொக்டராகோணும், இஞ்சினியராகோணும் எண்டெல்லாம் கேக்கேல்லை. இந்த வீட்டுக்கு வாற கடுதாசி எல்லாத்தையும் இவள் வாசிக்கோணும். ஒருத்தரிட்டயும் கொண்டு ஓடாமல், இவளே வாசிச்சு எனக்குச் சொல்லோணும். அவ்வளவுதான் கேட்டனான்.”

பதினொரு வயதிலிருந்து எரிச்சலோடு பிரித்த உறைகள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. வாசித்துவிட்டு, “இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்கோ” என்று எறிந்தவையும்.

6

அடுத்த நாள் காலை, அம்மா வேலைக்குப் போக வெளிக்கிடும்போது கேட்டேன்.

“அந்த நேர்த்தி எனக்காக வைச்சதுதானே. நான் ஏறினால் சரிவராதோ?”

பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தம் மாறினால் தாய் காவடி நேர்வதும், வளர்ந்தபின் பிள்ளையே அதை எடுப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. அது எனக்கு முதல் நாளே தோன்றியிருந்தது. கேட்பதற்குத்தான் ஓர் இரவு தேவைப்பட்டது. நான் ஏறுகிறேன் என்று சொன்னால், என் படிப்பில் அந்த யன்னலுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன் என்றுதானே பொருள்.

“நீதானே உதெல்லாம் பொய் எண்டனீ?”

“கல்லுப் பொய்யில்லை.”

அம்மா சப்பாத்து நாடாவைக் கட்டாமல் யோசித்தார். பிறகு நிபந்தனைகள் வந்தன.

“வெறுங்கால். சொக்ஸும் கூடாது.”

“ஓம்.”

“ஒரு மாசம் மரக்கறி.”

“ஒரு மாசமோ!”

“நான் சாப்பிடுற மாதிரிச் சாப்பிடு, சாகமாட்டாய். அந்தச் சுத்தியலைக் கொண்டு போகாதை. வேண்டுதலுக்குப் போற இடத்தில கல்லை உடைச்சுக்கொண்டு நிப்பாய்.”

“நீங்களும் வரோணும்.”

“வராமல்? நான் கீழ நிண்டு பாக்கிறன். எனக்கு அது பழக்கம்.”

மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசுவதற்கு நான்தான் வாயைத் திறந்தேன். அம்மா வாங்கிக்கொண்டார். “யெஸ். மை நீ. ஐ கம்,” என்றார். அந்தப் பக்கத்தில் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் சத்தமாக, “ஐ கம்!” என்றார். இருபது நாளில் பத்து நாள் மிச்சமிருந்தது.

சத்திரசிகிச்சை இன்னும் ஆறு கிழமையில். கால் தேறி நடக்க ஆறு மாதமாவது வேண்டும் என்றார்கள். அதைக் கணக்குப் பார்த்து, அடுத்த கோடைக்கு நான்கு பேருக்கும் விமானச் சீட்டுப் போட்டுவிட்டேன். தம்பியையும் கேட்டேன். “மலையெண்டால் ஓகே. கோயில் எண்டால் வரமாட்டன்,” என்றான். அவன் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசி நாளாகிவிட்டது. கோயில் இல்லை என்று உறுதி சொன்னேன்.

பத்து வருடம் முன்னால் கேள்வி கேட்ட அன்ரியைப் போன கிழமை ஒரு கலியாண வீட்டில் கண்டேன். படிப்பு முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். “அப்ப இனி என்ன?” என்றார். “ஒரு மலை ஏறோணும் அன்ரி,” என்றேன். விசரி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

என் பாதங்கள் சப்பாத்துக்குள்ளேயே வளர்ந்தவை. கோடைக்கு முன்பு அவற்றைப் பழக்க வேண்டும். நேற்றுக் காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரூஜ் பூங்காவுக்குப் போனேன். ஆற்றங்கரையில் சரளை போட்ட பாதை ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த வாங்கில் அம்மாவை இருத்திவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினேன். சொக்ஸையும் கழற்றினேன். நாயோடு வந்த ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். முதல் கல்லே குத்தியது. சுண்ணக்கல். பெயரெல்லாம் தெரியும், ஆனால் பாதத்தால் தெரிந்துகொள்வது இதுதான் முதல்முறை.

ஐம்பது அடி போயிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். அம்மா என் சப்பாத்துகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன நிக்கிறாய்?” என்று கூப்பிட்டார். “போ!”

போனேன்.